"வெறும் நட்புதானே" என்ற தீர்ப்பு

பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாணவியின் ஆய்வேட்டில் நான் சிவப்பு மையால் எழுதிய ஒரு சொல்லிலிருந்துதான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்காக அவள் பெண்கள் எழுதிய சிறுகதைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் நெறியாளர். நான்காவது இயலில், ஒரு கதையில் வரும் இரண்டு பெண்களின் உறவுக்குக் 'காதல்' என்று துணைத்தலைப்பு இட்டிருந்தாள். அதை அடித்துவிட்டு 'நட்பு' என்று எழுதினேன். புறத்தேர்வாளர் யாராக வருவார் என்று தெரியாது, வாய்மொழித் தேர்வில் எதற்கு வம்பு என்பதுதான் என் கணக்கு. அவள் அதிகம் வாதாடவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்: "மேம், அந்தக் கதையில அவங்க நட்புன்னு எங்கயும் சொல்லலையே."

"காதல்னும் சொல்லலையேம்மா" என்றேன்.

அவள் திருத்திக்கொண்டாள். பட்டம் பெற்றாள். அன்று கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொல்லிவிட்டதாகவே நினைத்தேன். அந்தப் பதிலில் என்ன கோளாறு என்று எனக்குப் புரியவைத்தது ட்ஸே-லான் சாங் என்ற சீன இலக்கிய ஆய்வாளரின் புத்தகம். இரண்டு பெண்களுக்கு இடையில் பெயரிடப்படாத ஓர் உறவு இருக்கும்போது அது நட்பு என்று எடுத்துக்கொள்ள ஆதாரம் தேவையில்லை. காதல் என்று சொல்ல மட்டும் ஆதாரம் தேவை. இந்த ஓரவஞ்சனையை யார் வகுத்தார்கள், எப்போது வகுத்தார்கள்? சாங்கின் புத்தகம் கேட்கும் கேள்வி ஏறத்தாழ இதுதான்.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, ஆரெகன் பல்கலைக்கழகத்திலும் பின்னர் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் சீன இலக்கியம் கற்பித்து வருபவர் சாங். 2003இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட 'தி எமெர்ஜிங் லெஸ்பியன்' அவருடைய முக்கியமான நூல். ஏகாதிபத்தியக் காலச் சீனம், 1911 புரட்சிக்குப் பிந்தைய குடியரசுக் காலம், மாவோவுக்குப் பிந்தைய சீனமும் இராணுவச் சட்டம் நீங்கிய தைவானும் என்று மூன்று காலங்களில், பெண்ணை நேசிக்கும் பெண் எழுத்தில் எப்படி வருகிறாள் என்று அவர் பின்தொடர்கிறார்.

பழைய சீனத்தைப் பற்றி அவர் சொல்வது முதலில் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருக்கும். பெண்களுக்கு இடையிலான காதலை அந்தச் சமூகம் கொடுமையாகத் தண்டித்தது என்றோ, தாராளமாக ஏற்றுக்கொண்டது என்றோ அவர் சொல்லவில்லை. அது பொருட்படுத்தத்தக்கதாகவே கருதப்படவில்லை என்கிறார். ஆண்களுக்கு இடையிலான காதலைக் குறிக்க, உறங்கும் காதலனை எழுப்ப மனமில்லாமல் தன் சட்டைக்கையை வெட்டிக்கொண்ட ஹான் பேரரசனின் கதையிலிருந்து பிறந்த தொடர் ஒன்று சீன மொழியில் நீண்டகாலமாக உண்டு. பெண்களுக்கு அப்படிப் புகழ்பெற்ற கதையும் இல்லை, தொடரும் இல்லை. ஒரு பெண் திருமணம் செய்துகொண்டு பிள்ளை பெறும்வரை, அவள் யார் தோளில் சாய்ந்தாள் என்பது குடும்பத்துக்கு ஒரு விஷயமே இல்லை. திருமணத்துக்குக் குறுக்கே வந்தால்தான் அது விஷயமாகும்.

இதைக் காட்ட அவர் எடுத்துக்கொள்ளும் இரண்டு பிரதிகளை நம் மாணவிகள் அறிந்துகொள்ள வேண்டும். ஒன்று, 17ஆம் நூற்றாண்டின் நாடகாசிரியர் லீ யூ எழுதிய நாடகம். மணமான ஒரு பெண் ஒரு கோயிலில் இன்னொரு பெண்ணைச் சந்திக்கிறாள். இருவரும் கவிதையால் நெருங்குகிறார்கள். பிரியாமல் இருக்க ஒரே வழி, அந்த இளையவளைத் தன் கணவனுக்கே இன்னொரு மனைவியாக்கிக்கொள்வது. பல தடைகளுக்குப் பிறகு அது நடக்கிறது. எல்லோருக்கும் மகிழ்ச்சியான முடிவு. கணவனுக்கு இரட்டை மகிழ்ச்சி. அவன் எதையும் இழக்காததால்தான் இந்தக் காதல் மேடையேற முடிகிறது.

மற்றொன்று, பூ சோங்லிங்கின் பேய்க்கதைத் தொகுப்பில் உள்ள 'ஃபெங் சான்னியாங்' கதை. உயர்குடிப் பெண் ஒருத்தி திருவிழாவில் ஃபெங் என்பவளைச் சந்திக்கிறாள். பிரிந்தால் நோயில் விழும் அளவுக்கு நேசம். ஃபெங் தன் தோழிக்கு நல்ல கணவனைத் தேடித் தருகிறாள். பிறகு விலகிப் போகப் பார்க்கிறாள். தோழிக்கு அது தாங்கவில்லை. ஃபெங்கைத் தன்னுடனேயே வைத்துக்கொள்ள அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? அவளைக் குடிக்கவைத்து, தன் கணவனை அவள் அறைக்குள் அனுப்புகிறாள். விழித்தெழுந்த ஃபெங், தான் ஒரு நரி என்றும், உடல் தூய்மையால் அமரநிலை அடைய இருந்ததாகவும், இந்த நேசமே தன் தவத்தைக் குலைத்ததாகவும் சொல்லிவிட்டு மறைகிறாள்.

இந்தக் கதையைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வன்முறையைத் திட்டமிடுபவள் நேசித்த பெண்ணே. அவளை வில்லி என்று ஒதுக்கிவிட்டால் கதை எளிதாகிவிடும். ஆனால் இரண்டு பெண்கள் ஒரே கூரையின் கீழ் வாழ அவளுக்குத் தெரிந்த ஒரே ஏற்பாடு ஒரு கணவன்தான். தனக்கு வாய்த்த ஒரே கருவியைக்கொண்டு அவள் தன் நேசத்தைக் காப்பாற்றப் பார்க்கிறாள். அந்தக் கருவி அதை அழித்துவிடுகிறது. பலதார மணம் பெண்களின் நெருக்கத்துக்கு இடம் தந்தது என்று சிலாகிப்பவர்கள், அந்த இடத்துக்குக் கதவு யார் கையில் இருந்தது என்பதையும் கேட்க வேண்டும்.

சங்க இலக்கியம் கற்பிக்கிறவள் என்பதால் இங்கே எனக்குத் தோழி நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. இரண்டு மரபுகளும் வேறு வேறு; ஒன்றை வைத்து மற்றொன்றை நிறுவ முடியாது. ஆனாலும் நம் அகமரபில் தலைவியை முழுதாக அறிந்தவள் தோழி ஒருத்திதான். அவள் உடல் மெலிவதையும், வளை கழல்வதையும், உறங்காததையும் கவனித்துக்கொண்டிருப்பவள் அவள். அந்த அறிவு அத்தனையும் எதற்குப் பயன்படுகிறது? அறத்தொடு நிற்பதற்கு. தலைவியைத் தலைவனிடம் சேர்ப்பதற்கு. சேர்த்த பிறகு தோழி என்ன ஆனாள் என்று இலக்கணம் கேட்பதில்லை. தோழியின் காதல் என்று ஒரு துறை இல்லை. இதிலிருந்து சங்கத்தில் பெண்–பெண் காதல் இருந்தது என்று நான் வாதிடப் போவதில்லை. அந்தக் கேள்வியே எழாதபடி நம் வாசிப்பு பழக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். சாங் சொல்லும் 'பொருட்படுத்தாமை' அதுதான்.

இனி குடியரசுக் காலம். இங்கேதான் சாங்கின் உழைப்பு எனக்கு மிகவும் பிடிக்கிறது. ஒரு சொல்லின் பயணத்தை அவர் துலக்குகிறார். ஒருபாற்காதலைக் குறிக்கும் 'தோங்சிங் ஆய்' என்ற சீனச் சொல், ஜப்பானியர்கள் மேலைப் பாலியல் அறிவியலை மொழிபெயர்க்க உருவாக்கிய 'தோசெய்ஆய்' என்ற சொல்லின் எழுத்துகளையே எடுத்துக்கொண்டது. 'தோங்' என்றால் ஒத்த, 'ஆய்' என்றால் காதல். நடுவில் உள்ள 'சிங்' பழைய சீனத்தில் இயல்பு, சுபாவம் என்ற பொருள் கொண்டது. பால் என்ற பொருள் நவீனக் காலத்தில் அதன்மேல் ஏறியது. 1920களில் சீன இதழ்கள் இந்தச் சொல்லை விவாதித்தபோது இரண்டு குரல்கள் கேட்டன. எட்வர்ட் கார்பெண்டரை மொழிபெயர்த்தவர்கள் அதை உயர்ந்த, ஆன்மா தொடும் அன்பு என்றார்கள். ஹேவ்லக் எல்லிஸ் வழி வந்தவர்கள் அதைப் பிறழ்வு என்று அட்டவணையிட்டார்கள். காலப்போக்கில் அட்டவணைதான் வலுப்பெற்றது.

ஏன் அப்போது இவ்வளவு அக்கறை? பெண்கள் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். விடுதியில் தங்கினார்கள். சம்பளம் வாங்கும் ஆசிரியைகள் ஆனார்கள். கணவன் இல்லாமலும் ஒரு பெண் வாழ முடியும் என்பது முதன்முறையாகக் கணக்கில் சாத்தியமானது. அதுவரை பொருட்படுத்தாமல் விடப்பட்டது, திருமணத்துக்குப் போட்டியாகும் என்று தெரிந்ததும் நோயானது. பெண்ணின் பொருளாதாரச் சுதந்திரமும் அவள் நெருக்கத்தின் மீதான சந்தேகமும் ஒரே பள்ளிக்கூட வாசல் வழியாக உள்ளே வந்தன. விடுதிக் காப்பாளராகச் சில ஆண்டுகள் இருந்தவள் நான். இரவு ஒன்பதரைக்கு அறை அறையாக எண்ணிப் பார்த்த அந்த வருகைப்பதிவேட்டின் வரலாறு இவ்வளவு நீளமானது என்று எனக்கு அப்போது தெரியாது.

அந்தத் தலைமுறைப் பெண்கள் எழுதிய கதைகளில் இரண்டைச் சொல்கிறேன். லூ யின் 1923இல் வெளியிட்ட 'லீஷியின் நாட்குறிப்பு' என்ற கதையில், லீஷியும் அவள் தோழியும் சேர்ந்து வாழக் கனவு காண்கிறார்கள். தோழியை அவள் அம்மா அழைத்துப்போய்த் திருமணப் பேச்சைத் தொடங்குகிறாள். லீஷி மனமொடிந்து இறக்கிறாள்.

அடுத்தது லிங் ஷூஹுவா 1926இல் எழுதியது. பள்ளி நாடகத்தில் ரோமியோவாகவும் ஜூலியட்டாகவும் நடிக்கும் இரண்டு மாணவிகள் மேடைக்கு வெளியேயும் நெருங்குகிறார்கள், ஒருத்திக்கு வீட்டார் மணம் முடித்துவிடுகிறார்கள், மற்றவள் உடைந்துபோகிறாள். இதில் சுவையான ஒரு தகவல் உண்டு. இதே கதையை முதலில் எழுதியவர் யாங் ஜென்ஷெங் என்ற ஆண் எழுத்தாளர். அதில் நிறைவில்லாமல் அதைத் திரும்ப எழுதும்படி லிங்கைக் கேட்டவரும் அவரே. அவர் வைத்த தலைப்பு 'அவள் ஏன் பைத்தியமானாள்'. லிங் வைத்தது ஏறத்தாழ 'இப்படியொன்று நடந்ததாம்' என்று பொருள்படும் தலைப்பு. முதல் தலைப்பு ஒரு மருத்துவரின் கேள்வி. இரண்டாவது, கிணற்றடியில் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொல்லும் செய்தி. ஆணின் தலைப்பில் அவள் ஒரு நோயாளி. பெண்ணின் தலைப்பில் அவளுக்கு ஒன்று *நடந்தது*. பெண்ணெழுத்து என்றால் என்ன என்று வகுப்பில் கேட்கும் மாணவிகளுக்கு நான் இப்போது இந்த இரண்டு தலைப்புகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்டுகிறேன்.

1949க்குப் பிறகு பல ஆண்டுகள் இந்த எழுத்து சீனத்தில் ஏறத்தாழ நின்றுபோகிறது. 1990களில் திரும்பி வருகிறது. லின் பாயின் 'ஒருத்தியின் போர்' (1994), சென் ரானின் 'தனி வாழ்க்கை' (1996) இரண்டும் பெரும் விவாதத்தைக் கிளப்பின. லின் பாயின் கதைசொல்லி தோமி, தன்னை நேசித்து வரும் பெண்ணைக் கண்டு அஞ்சி விலகுகிறாள். தான் அப்படிப்பட்டவள் இல்லை என்று வாசகரிடம் சொல்லிக்கொள்கிறாள். யாரும் குற்றம் சாட்டாதபோதே ஒருத்தி ஏன் மறுப்புத் தெரிவிக்கிறாள்? அந்த மறுப்பை அப்படியே நம்பிவிடாமல், அதையும் பிரதியின் பகுதியாக வாசிக்கக் கற்றுத் தருகிறார் சாங். கூடவே சந்தையையும் மறக்கவில்லை. பெண்ணின் அந்தரங்கம் என்று சொல்லி விற்கும் பதிப்பாளர்கள், ஆண் கண்ணுக்கு அட்டை போடுபவர்கள் எல்லாம் அந்தக் காலத்தில்தான் பெருகுகிறார்கள். தணிக்கை போனால் விடுதலை வந்துவிடும் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது ஒரு பாடம்.

தைவானில் 1987இல் இராணுவச் சட்டம் நீங்கியது. 1992இல் ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளர் பெண்கள் கூடும் மதுக்கூடம் ஒன்றில் மறைகேமராவோடு நுழைந்து படம்பிடித்து ஒளிபரப்பினார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு சியூ மியாவ்ஜின் எழுதிய 'முதலையின் குறிப்புகள்' வெளிவந்தது. மனித உடுப்பு போட்டுக்கொண்டு நகரத்தில் திரியும் முதலைகளை ஊடகங்கள் தேடித் திரியும் அந்த நையாண்டி யாருக்கும் புரியாமல் போகவில்லை. சியூ 1995இல் பாரிஸில் 26 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த நாவலின் கதைசொல்லிக்கு 'லாட்ஸ' என்று பெயர். அது பெண்களை நேசிக்கும் பெண்கள் தங்களைத் தாங்களே அழைத்துக்கொள்ளும் சொல்லாகி, பிறகு சீனப் பெருநிலத்தில் 'லாலா' என்று செல்லப் பெயரானது. மருத்துவர்கள் தந்த சொல்லுக்குப் பக்கத்தில், ஒரு கதைக்குள்ளிருந்து எழுந்துவந்த சொல்.

சாங்கோடு எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தலைப்பில் உள்ள 'எழுந்துவருதல்' யாருடையது? படித்த, நகரத்து, இதழ்களில் எழுதிய பெண்கள்தான் அவருடைய மையம். குவாங்துங் மாகாணத்தின் பட்டுத் தொழில் பகுதியில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே ஒரு வழக்கம் இருந்தது. நூல் இழைத்துச் சொந்தமாகச் சம்பாதித்த பெண்கள், மணப்பெண்ணுக்கு மற்றவர்கள் செய்ய வேண்டிய கொண்டையைத் தாமே வாரி முடிந்துகொண்டு, திருமணம் செய்வதில்லை என்று சபதம் ஏற்றார்கள். ஒன்றாகப் பணம் போட்டு வீடு எடுத்து முதுமைவரை சேர்ந்து வாழ்ந்தார்கள். 1930களில் பட்டுத் தொழில் நொடித்தபோது அவர்களில் பலர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வீட்டுவேலைக்குப் போனார்கள். அவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் காதலித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. லூ யினின் நாயகிகள் கனவு கண்டு இறந்துபோன அந்த வாழ்க்கையை, எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிப் பெண்கள் கூலிக் காசில் வாழ்ந்து காட்டினார்கள் என்கிறேன். இலக்கிய ஆய்வு எழுதியவளைத்தான் தேடும். அது அதன் இயல்பு. ஆனால் எழுதாதவள் இல்லாதவள் ஆகிவிடக் கூடாது. கதைகளில் நாயகி சாகிறாள் என்பதால் வாழ்க்கையிலும் அப்படித்தான் என்று நம் மாணவிகள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

இனி நம் சொல்லுக்கு வருகிறேன். தமிழில் 'தன்பாலீர்ப்பு' என்கிறோம். இலக்கணம் படித்தவளுக்கு அந்தச் சொல் கொஞ்சம் இடறும். 'தன்பால்' என்றால் தன்னுடைய பால். 'தன்னிடத்து' என்றும் பொருள். தன்பக்கம் ஈர்த்தல் என்று வாசித்தால் அன்பு காணாமல் போய்த் தன்னலம் வந்துவிடுகிறது. 'ஒருபால்' என்றாலும் ஒருபக்கம் என்று பொருள் வரும். மேலும் இரண்டிலும் 'ஈர்ப்பு' இருக்கிறது, 'காதல்' இல்லை. ஆணும் பெண்ணும் என்றால் காதல், பெண்ணும் பெண்ணும் என்றால் இயற்பியல் பாடத்தில் வரும் ஈர்ப்பு. சொல்லே வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. 2022இல் தமிழ்நாடு அரசு இதற்கான சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது பெரிய முன்னகர்வு. ஆனால் சீனத்தின் அனுபவம் ஒன்றைச் சொல்கிறது: பட்டியலில் வரும் சொல் பாதுகாப்பும் தரும், கண்காணிப்பும் தரும். எந்தச் சொல்லில் தான் குடியிருப்பது என்று முடிவு செய்ய வேண்டியவள் அந்தப் பெண். நெறியாளரோ புறத்தேர்வாளரோ அல்லர்.

அந்தப் பட்டியலுக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்து வாழ்ந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2021 ஜூன் 7 அன்று வந்த உத்தரவில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே சரியான புரிதல் இல்லாதிருந்ததையும், அதற்காக உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டதையும் பதிவு செய்தார். பெற்றோரின் புகாருக்கு எதிராக அந்தப் பெண்கள் தங்களைத் தோழிகள் என்று மட்டும் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நட்புக்கு யாரும் பாதுகாப்புத் தர வேண்டியதில்லை; அது திருமணம்வரை மட்டுமே அனுமதிக்கப்பட்ட ஒன்று. இரண்டு பெண்களின் உறவை 'வெறும் நட்பு' என்று நாம் சொல்லும்போது, அதைப் பிரிப்பது எளிது என்றும் சேர்த்தே சொல்கிறோம். 'வெறும்' என்ற அந்த அடைமொழி நட்பையும்தான் அவமதிக்கிறது.

நீதிபதி தன் அறியாமையை உத்தரவிலேயே எழுதினார். ஆசிரியர்களாகிய நாம் நம் அறியாமையை மாணவிகளின் பக்கங்களில் எழுதிவிட்டுப் போகிறோம். சென்ற ஆண்டு துறை அலமாரியைத் துப்புரவு செய்தபோது அந்த ஆய்வேடு கிடைத்தது. நான்காவது இயலைப் பிரித்தேன். பதினொரு இடத்தில் 'நட்பு' என்று இருந்தது. ஒவ்வோர் இடத்திலும் அவள் முதலில் என்ன எழுதியிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். என்னைத் தவிர வேறு யாருக்கும் இனித் தெரியப்போவதில்லை. அவளுடைய பழைய கைப்பேசி எண் இப்போது உபயோகத்தில் இல்லை. அவள் அந்தச் சொல்லை ஆய்வுக்காக மட்டும் எழுதினாளா, தனக்காகவும் எழுதினாளா என்று அப்போது நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை. அடிக்காமல் விட்டிருக்கலாம்.

இந்தப் பருவத்தில் ஒரு மாணவி லிங் ஷூஹுவாவின் கதையைத் தமிழ்க் கதை ஒன்றோடு ஒப்பிட்டுக் கட்டுரை கொண்டுவந்தாள். ஒற்றுப்பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.